“ரிசீவர் போர்டு போச்சு சார்”: 18,500 ரூபாய்க்கு நான் பார்த்த கருப்புத் திரை

வீட்டில் ப்ரொஜெக்டர் வைத்திருப்பவர்களும் வைக்கப் போகிறவர்களும் இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். சுவருக்குள் பைப் விட்டு நீளமான ஹெச்.டி.எம்.ஐ கேபிள் (படமும் சத்தமும் ஒன்றாகப் போகும் ஒயர்) இழுத்திருந்தால் கட்டாயம் படியுங்கள்.

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. மாந்தோப்புக் குத்தகைப் பணம் கொஞ்சம் நன்றாக வந்த ஒரு வருடம், அதை சினிமா அறையாக்கிவிடலாம் என்று ஆசை வந்தது. கிருஷ்ணகிரியில் ஒரு கடையிடம் மொத்த வேலையையும் கொடுத்தேன். திரைக்குக் கீழே அலமாரியில் ரிசீவர் (சத்தத்தை ஸ்பீக்கருக்கும் படத்தை ப்ரொஜெக்டருக்கும் பிரித்து அனுப்பும் கருவி), அறையின் பின்பக்கம் கூரையில் ப்ரொஜெக்டர். இரண்டுக்கும் நடுவே சுவர், கூரை என்று சுற்றிப் போகும் 15 மீட்டர் கேபிள். “இது ஆப்டிகல் சார், 4கே, 18 ஜிகாபிட், உள்ள கண்ணாடி இழை” என்று சொல்லி அதற்கு மட்டும் 6,500 ரூபாய் வாங்கினார்கள். ப்ரொஜெக்டருக்கும் ரிசீவருக்கும் ஜி.எஸ்.டி பில் தந்தார்கள். கேபிளுக்கும் கூலிக்கும் வெள்ளைத்தாளில் எழுதி ஒரு துண்டு. அந்த இடத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும்.

ஒரு வருடம் குறையில்லாமல் ஓடியது. அப்போது எங்களிடம் இருந்தது சாதாரண டி.டி.ஹெச் பெட்டி, ஃபுல் ஹெச்.டி வரைதான் தரும். கிரிக்கெட் சீசன் வந்ததும் புதிதாக ஒரு 4கே ஸ்ட்ரீமிங் பெட்டி வாங்கி மாட்டினேன். அன்றிலிருந்து தொல்லை. பந்து எல்லைக் கோட்டை நோக்கிப் போகும், திரை கருப்பாகும். மூன்று, நான்கு விநாடி கழித்துப் படம் திரும்பும்போது மைதானத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்கள். சில சமயம் கருப்பாவதற்கு முன்னால் உப்பு தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும். வர்ணனையாளர் மட்டும் நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருப்பார். சத்தம் போகவில்லை என்பதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை. பதில் அதில்தான் இருந்தது.

கடைக்குப் போன் செய்ததும் ஒரு தம்பி வந்தார். ஒரு சினிமாவை ஓட்டிவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தார். “நல்லாத்தானே வருது சார்” என்றார். உண்மைதான், சினிமா ஓடும்போது பெரும்பாலும் போகாது. கிரிக்கெட்டைப் போடச் சொன்னேன். ஐந்தாவது நிமிடம் கருப்பு. “உங்க பக்கம் போர் மோட்டார் நெறைய ஓடுது சார், கரண்டு ஏறி இறங்குது” என்று சொல்லி 4,200 ரூபாய்க்கு ஒரு ஸ்டெபிலைசரை மாட்டிவிட்டுப் போனார். மோட்டார், ஃப்ரிட்ஜ் மாதிரி பெரிய லோடு ஆன் ஆகும் நொடியில் ஹெச்.டி.எம்.ஐ இணைப்பு ஒரு கணம் அறுந்து படம் போவது சில வீடுகளில் நடப்பதுதான். அதனால் நம்பினேன். ஆனால் எங்கள் வீட்டில் மோட்டாரை நிறுத்தி, எல்லாவற்றையும் இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்த்தபோதும் போனது.

மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை கடைக்காரரே வந்தார். கேபிளைத் தொடக்கூட இல்லை. ரிசீவரின் மேல் கை வைத்து, “சூடா இருக்கு பாருங்க, ஹெச்.டி.எம்.ஐ போர்டு போச்சு சார்” என்றார். ரிசீவர் எப்போதும் சூடாகத்தான் இருக்கும் என்பது எனக்கும் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் வாய் வரவில்லை. வாரண்டி இருக்கிறதே என்றேன். “வோல்டேஜில் போனது வாரண்டியில் வராது” என்றார். போன வாரம் ஸ்டெபிலைசர் விற்றதும் இவர் கடைதான்! ரிசீவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு நாள் வைத்திருந்து, 7,800 ரூபாய் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார். “போர்டு மாத்தியாச்சு” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. அன்று இரவே திரை கருப்பானது. அடுத்து என்ன சொன்னார் தெரியுமா? “அப்போ ப்ரொஜெக்டர்லதான் பிரச்சினை, கழட்டிக் குடுங்க.”

கொடுத்திருப்பேன். ஓசூரில் ஃபாக்டரி வேலையில் இருக்கும் என் மனைவியின் தம்பி அந்த ஞாயிற்றுக்கிழமை வந்ததால் தப்பித்தேன். நிப்பட்டைக் கடித்துக்கொண்டே அவன் கேட்ட முதல் கேள்வி: “மாமா, படம் போறப்ப சத்தமும் போகுதா?”

இல்லை என்றேன்.

“அப்படின்னா பெட்டியிலிருந்து ரிசீவர் வரைக்கும் நல்லாத்தான் வருது. அங்கிருந்து ப்ரொஜெக்டருக்குப் போற வழியைப் பாருங்க.”

பெட்டி அனுப்புவது ரிசீவருக்கு. ரிசீவர் சத்தத்தைப் பிரித்து ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டுப் படத்தை மேலே அனுப்புகிறது. முதல் இணைப்பு அறுந்தால் பொதுவாகச் சத்தமும் சேர்ந்து போகும். சத்தம் நிற்காமல் படம் மட்டும் போனால் சந்தேகம் இரண்டாவது இணைப்பின்மேல். இரண்டு வருகையிலும் கடைக்காரர்கள் கேட்காத கேள்வி இது.

அப்புறம் ஒரு ஸ்டூலை ப்ரொஜெக்டருக்குக் கீழே போட்டு, ரிசீவரையும் பெட்டியையும் அதன்மேல் தூக்கி வைத்தோம். 2 மீட்டர் கேபிளால் ப்ரொஜெக்டரோடு இணைத்தோம். ஸ்பீக்கர் எதுவும் இல்லை, ஊமைப்படம் மாதிரி இரண்டு மணி நேரம் மேட்ச் ஓடியது. ஒருமுறைகூடக் கருப்பாகவில்லை. எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்துச் சுவர்க் கேபிளை மாட்டினோம், பத்து நிமிடத்தில் இரண்டு தடவை போனது. அதே சுவர்க் கேபிளில், பெட்டியின் செட்டிங்ஸில் 1080பி, அதாவது ஃபுல் ஹெச்.டி என்று குறைத்து வைத்தோம். மாலை வரை அசையவில்லை. செலவு ஒரு ரூபாய் இல்லை.

சினிமாவுக்கு ஏன் போகவில்லை, கிரிக்கெட்டுக்கு ஏன் போனது என்ற என் குழப்பமும் அன்றே தீர்ந்தது. படத்துக்கு ஏற்ப ஃப்ரேம் ரேட்டை மாற்றும் வசதியை என் பெட்டியில் ஆன் செய்து வைத்திருந்தேன். சினிமா விநாடிக்கு 24 ஃப்ரேம். 4கே-யில் அதற்குக் கேபிள் சுமக்க வேண்டியது விநாடிக்குச் சுமார் 9 ஜிகாபிட் தரவுதான். விளையாட்டும் பெட்டியின் முகப்புத் திரையும் 50, 60 ஃப்ரேமில் வரும்போது அது 18 வரை ஏறிவிடுகிறது. ஃபுல் ஹெச்.டி 60 ஃப்ரேமுக்கு 4.5 போதும். அதனால்தான் டி.டி.ஹெச் காலத்தில் குட்டு வெளிப்படவில்லை. கடைத் தம்பி சினிமாவைப் போட்டுக் காட்டியது தெரிந்தா, தெரியாமலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கேபிளை உருவும்போது புதுக் கேபிளை அதன் வாலில் கட்டி இழுத்தோம், பைப்பை உடைக்க வேண்டியிருக்கவில்லை. புதுசை பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கியிருந்தோம். முதலில் தரையில் சுருளாகப் போட்டு ஒரு முழு மேட்ச் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பைப்பில் விட்டோம். நிஜமான ஆப்டிகல் கேபிளில் ஒரு முனையில் சோர்ஸ், மறு முனையில் டிஸ்ப்ளே என்று அச்சிட்டிருக்கும். ஒரு திசையில்தான் வேலை செய்யும், மாற்றி மாட்டினால் படமே வராது. அதிகமாக மடித்தால் உள்ளே இழை உடைந்துவிடும். பழைய கேபிளின் இரு முனையிலும் அப்படி எதுவும் இல்லை. வெட்டிப் பார்த்தோம். ஆப்டிகல் கேபிளிலும் சில செம்புக் கம்பிகள் இருக்கும், ஆனால் கூடவே முடி மாதிரி கண்ணாடி இழைகள் இருக்க வேண்டும். இதில் வெள்ளி ஃபாயில் சுற்றிய செம்பு மட்டும்தான். 15 மீட்டர் சாதாரணச் செம்பில் 18 ஜிகாபிட்டைத் தள்ளுவது, ஒரு சொட்டு நீர்ப்பாசனக் குழாயில் ஏரித் தண்ணீரை விடுகிற கதை.

கேபிள் அட்டையில் “2.0 வெர்ஷன்” என்று பெரிதாகப் போட்டிருந்தது. அந்த எண் 2013-இல் வந்த ஹெச்.டி.எம்.ஐ தரத்துக்குரியது, கேபிளுக்கு அப்படி எண் வைப்பதே முறையில்லை. 18 ஜிகாபிட்டுக்குச் சோதித்துச் சான்று பெற்ற கேபிளின் அட்டையில் ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ என்ற லேபிள் இருக்கும், போனில் ஸ்கேன் செய்து சரிபார்க்கலாம். 48 ஜிகாபிட்டுக்கு ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’.

சரி, ரிசீவர் விஷயம். கொடுக்கும் முன்னால், எந்த ஒயர் எங்கே என்று மறக்காமல் இருக்க அதன் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு திருகின்மேல் கம்பெனி சீல் ஸ்டிக்கர், ஓரத்தில் ஒரு கீறல். திரும்பி வந்த பிறகும் அதே ஸ்டிக்கர், அதே கீறல். மூடியையே திறக்கவில்லை. கம்பெனியின் இலவச எண்ணில் சீரியல் நம்பரைச் சொல்லிக் கேட்டேன். இந்த ரிசீவருக்கு சர்வீஸ் நடந்ததாகப் பதிவே இல்லை, அந்தக் கடை எங்கள் சர்வீஸ் சென்டரும் இல்லை என்றார்கள். என் அலமாரியிலிருந்து கிளம்பி அவர் அலமாரியில் பன்னிரண்டு நாள் விருந்தாளியாக இருந்துவிட்டு வந்ததற்கு 7,800.

வெட்டிய கேபிளோடு கடைக்குப் போனேன். “எல்லாரும் இதத்தான் சார் போடுறாங்க, உங்களுக்கு மட்டும் எப்படி…” என்று இழுத்தார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு கேபிள் காசு 6,500 மட்டும் திரும்பி வந்தது. ரிசீவரைப் பற்றிப் பேசினால் போனை வைத்துவிடுகிறார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் தர இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது. 5 லட்சம் வரையான தொகைக்குக் கட்டணமும் இல்லை. வெள்ளைத்தாள்தான் இருக்கிறது என்று முதலில் சோர்ந்துபோனேன். ஆனால் பணம் முழுக்க ஜிபேயில் போயிருக்கிறது, “போர்டு மாத்தியாச்சு” என்ற வாட்ஸ்அப் வரி இருக்கிறது, சீலின் இரண்டு போட்டோவும் இருக்கின்றன. மனுவை எழுதி முடித்துவிட்டேன்.

பழைய கேபிள் மாடிப்படிக்குக் கீழே ஒரு கோணிப்பையில் கிடக்கிறது. நல்ல உறுதியாக இருக்கிறதே, துணிக்கொடி கட்டிக்கொள்கிறேன் என்று அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார். தீர்ப்பு வரட்டும் அம்மா என்று சொல்லியிருக்கிறேன்.