பேர் ஆக்ட் மட்டும் போதுமா? குடிமைப் பணித் தேர்வுக்கு அரசமைப்புச் சட்ட மூலநூல்: ஒரு மதிப்புரை

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் மேசையில் அரசியல் பாடத்துக்கென்று மூன்று நான்கு தடித்த வழிகாட்டிகள் இருக்கும். மூலநூல் மட்டும் இருக்காது. இருந்தாலும் மடிப்புக் கலையாமல் இருக்கும். இந்த மதிப்புரை அந்த மூலநூலைப் பற்றியது. விளக்கவுரை ஏதும் இல்லாமல் அச்சான இந்திய அரசமைப்புச் சட்டம், மாணவர்கள் வாயில் 'பேர் ஆக்ட்'. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். யூபிஎஸ்சி, டிஎன்பிஎஸ்சி குரூப் 1 இரண்டுக்கும் இதைவிடப் பயன் தரும் நூல் வேறு இல்லை. ஆனால் அடிக்குறிப்பைத் தாண்டித் தாண்டி வாசித்தால், உச்ச நீதிமன்றம் எப்போதோ ரத்து செய்த வரியை நடப்பில் உள்ள சட்டம் என்று நம்பி விடைத்தாளில் எழுதிவிடுவீர்கள். அந்த ஆபத்தும் இதில்தான் அதிகம்.

முதலில் எந்தப் பதிப்பு என்று பார்ப்போம். மத்தியச் சட்ட அமைச்சகத்தின் சட்டமியற்றல் துறை ஆங்கிலப் பதிப்பைத் தன் இணையதளத்தில் பிடிஎஃப்பாக இலவசமாகத் தருகிறது. நானூறு பக்கத்தை ஒட்டி வரும். இந்தியும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் பதிப்பு அதைவிடக் கனம். தமிழ்வழித் தேர்வர்களுக்கு அது தேவைப்படாது. தனியார் பதிப்பகங்களின் கையடக்கப் பதிப்பு பேருந்தில் வாசிக்கத் தோதானது. ஆனால் தாள் மெல்லிசு. பேனாவால் கோடு போட்டால் மறுபக்கம் தெரியும். எழுத்தே சிறிது, அடிக்குறிப்பு அதைவிடச் சிறிது. கண் தானாகவே அதைத் தாண்டிப் போய்விடும், அதுதான் அந்தப் பதிப்பின் பெரிய குறை. எங்கள் பரிந்துரை, பிடிஎஃப்பில் பகுதி 3 முதல் 6 வரை, 11, 12, 14, 18, 20 ஆகிய பகுதிகள், 7 மற்றும் 10-ஆம் அட்டவணைகள் ஆகியவற்றை மட்டும் தாளின் ஒரு பக்கத்தில் அச்செடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொள்வது. எதிரே கிடைக்கும் வெற்றுப் பக்கம் தீர்ப்புகளை எழுத. மற்றவற்றைத் திரையில் பார்த்தால் போதும்.

பழைய புத்தகக் கடையில் வாங்குபவர்கள் அட்டையில் போட்டிருக்கும் ஆண்டை நம்ப வேண்டாம். மறுஅச்சு ஆண்டும் திருத்தம் சேர்த்த ஆண்டும் வேறு. கடையில் நின்றபடியே மூன்று இடத்தைப் புரட்டிப் பாருங்கள். 15-ஆவது பிரிவில் (6) என்ற கூறு இல்லையென்றால் அது 2019-இன் 103-ஆவது திருத்தத்துக்கு முந்தையது. முதல் அட்டவணையில் லடாக் தனி ஒன்றியப் பிரதேசமாக இல்லையென்றால் 2019 அக்டோபர் 31-க்கு முந்தைய நிலவரம். 330-ஏ இல்லையென்றால் மகளிர் இடஒதுக்கீடு தந்த 106-ஆவது திருத்தம் (2023) சேரவில்லை. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் திருப்பி வைத்துவிடுங்கள். இலவசமாகக் கிடைப்பதன் பழைய வடிவத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

இனி வாசிப்பு. இந்த நூலில் சதுர அடைப்புக்குறி, நட்சத்திரக் குறி, சாய்வெழுத்து ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு. சதுர அடைப்புக்குள் இருப்பது பின்னாளில் சேர்த்ததோ மாற்றியதோ. நட்சத்திர வரிசை நீக்கப்பட்டதற்கு அடையாளம். 19(1)-இல் (இ)-க்கு அடுத்து (எஃப்) இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நட்சத்திரங்கள், பிறகு (ஜி). சொத்துரிமை அடிப்படை உரிமையாக இருந்த இடம் அது. 1978-இன் 44-ஆவது திருத்தம் அதை எடுத்து 300-ஏ-வில் சட்ட உரிமையாக வைத்தது. நடைமுறைக்கு வந்தது 1979 ஜூன் 20. இவ்வளவும் அந்தப் பக்கத்தின் அடியில் ஒன்றிரண்டு வரியில் இருக்கிறது. தலைப்பை மட்டும் மனப்பாடம் செய்பவருக்கு அந்த இடைவெளி கண்ணில் படாது.

சாய்வெழுத்துக்கு 31-சி. பகுதி 4-இல் அரசுக்கு வழிகாட்டும் நெறிகளான 39(பி), (சி) ஆகியவற்றுக்காக இயற்றும் சட்டத்தை 14, 19-ஆவது பிரிவுகளைக் காட்டி எதிர்க்க முடியாது என்று 1971-இன் 25-ஆவது திருத்தம் கொண்டுவந்த பிரிவு அது. அதன் பின்பாதி, 'இந்த நெறிக்காகத்தான் இயற்றினோம் என்று சட்டமே அறிவித்தால் எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது' என்ற பகுதி, சாய்வெழுத்தில் இருக்கிறது. 1973 ஏப்ரல் 24-இல் கேசவானந்த பாரதி வழக்கில் அது செல்லாது என்று தீர்ப்பானதால்தான் அந்தச் சாய்வு. அதே பிரிவில் 'பகுதி 4-இல் உள்ள எல்லா நெறிகளும்' என்று அகலப்படுத்தும் சொற்கள் சதுர அடைப்புக்குள் நிற்கின்றன. 1976-இன் 42-ஆவது திருத்தம் சேர்த்தவை. 1980-இல் மினர்வா மில்ஸ் தீர்ப்பில் அவையும் விழுந்தன. ஆக, கண்ணுக்கு முழுப் பத்தியாகத் தெரிவதில் முன்பாதியின் பழைய வடிவம் மட்டுமே உயிரோடு இருக்கிறது. 2024 நவம்பர் 5-இல் 9 நீதிபதிகள் அமர்வு அதைத்தான் உறுதிசெய்தது. ஒரே பிரிவில் இரண்டு திருத்தம், மூன்று தீர்ப்பு. இதை அரைமணி நேரம் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தவருக்கு அடிப்படை உரிமைக்கும் நெறிமுறைக்கும் நடந்த இழுபறியைத் தனியாகப் பாடமாகப் படிக்கும் வேலை பாதி குறையும்.

இப்படி அச்சில் இருந்தும் செல்லாதவை இன்னும் உண்டு. 124-ஏ, பி, சி மூன்றும் நீதிபதிகள் நியமன ஆணையம் பற்றியவை. 2015 அக்டோபர் 16-இல் ரத்தாகிவிட்டன. அரசமைப்பைத் திருத்தும் முறையைச் சொல்லும் 368-இன் (4), (5) கூறுகள் மினர்வா மில்ஸில் போயின. கட்சித் தாவல் தடை பற்றிய பத்தாம் அட்டவணையின் 7-ஆவது பத்தி 1992-இல் கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் போனது. கூட்டுறவுச் சங்கங்களுக்கான 9-பி பகுதி, மாநிலக் கூட்டுறவுகளைப் பொறுத்தவரை, 2021 ஜூலை 20-இல் போனது. கடைசி இரண்டுக்கும் காரணம் ஒன்றே: 368(2)-இன் வரம்புரை (ஆங்கிலத்தில் 'புரொவைசோ', கூடுதல் நிபந்தனையோ விதிவிலக்கோ சொல்லும் பகுதி) கேட்கும் பாதி மாநிலங்களின் ஒப்புதல் பெறப்படவில்லை. அந்த வரம்புரையில் எவையெல்லாம் பட்டியலிடப்பட்டிருக்கின்றன என்பதை ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள். முதல்நிலைத் தேர்வில் திரும்பத் திரும்ப வரும் இடம்.

இதற்கு நேர்மாறான வகையும் இருக்கிறது. 331-ஆவது பிரிவு, ஆங்கிலோ இந்தியர் இருவரை மக்களவைக்கு நியமிக்கலாம் என்று இன்றும் சொல்கிறது. யாரும் அதை ரத்து செய்யவில்லை. ஆனால் 334-இல் உள்ள 70 ஆண்டுக் கெடு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. 104-ஆவது திருத்தம் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மட்டும் 80 ஆண்டாக நீட்டியது. தடுப்புக் காவல் பற்றிய 22-ஆவது பிரிவு இன்னொரு விதம். 3 மாத வரம்பை 2 மாதமாகக் குறைக்கும் மாற்றத்தை நாடாளுமன்றம் 1978-லேயே நிறைவேற்றிவிட்டது. நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை மட்டும் வரவேயில்லை. அந்த மாற்றம் இன்னும் அடிக்குறிப்பில்தான் காத்திருக்கிறது. குடிமக்களின் விடுதலையைத் தொடும் ஒரு மாற்றம் இத்தனை ஆண்டாக அடிக்குறிப்பிலேயே கிடப்பதை நாளைக்கு நிர்வாகத்தில் உட்காரப்போகிறவர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

மத்திய அரசைப் பற்றிய பகுதி 5, மாநில அரசைப் பற்றிய பகுதி 6 இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பது நேர விரயம். பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். அமைச்சரவையின் ஆலோசனையைச் சொல்லும் 74-க்கு எதிரே 163. குடியரசுத் தலைவருக்கு விருப்புரிமை என்ற சொல்லே 74-இல் இல்லை. ஆளுநருக்கு 163-இல் இருக்கிறது, எது விருப்புரிமை என்ற கேள்வியில் அவர் முடிவே இறுதி என்றும் இருக்கிறது. தண்டனையை மன்னிக்கும், குறைக்கும் அதிகாரம் பற்றிய 72-க்கு எதிரே 161. இராணுவ நீதிமன்றத் தண்டனையும் மரண தண்டனையும் 72-இல் பெயர் சொல்லி வருகின்றன, 161-இல் வரவில்லை. ஆனால் 72(3)-ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். மரண தண்டனையை நிறுத்திவைக்க, குறைக்க, மாற்ற ஆளுநருக்குச் சட்டப்படி உள்ள அதிகாரத்தை அது காக்கிறது. அந்த வரிசையில் 'மன்னிப்பு' என்ற சொல் இல்லை. இந்த ஒரு சொல்லின் மேல்தான் கேள்வி வரும். 108-க்கு எதிரே 197: மசோதாவில் இரு அவைகளும் முரண்பட்டால் மத்தியில் கூட்டுக் கூட்டம் உண்டு, மாநிலத்தில் கிடையாது. மசோதாவுக்கு ஒப்புதல் தருவது பற்றிய 111-க்கு எதிரே 200: பணமசோதா அல்லாததைத் திருப்பி அனுப்புவது பற்றி இரண்டிலும் 'கூடிய விரைவில்' என்ற சொல்தான் இருக்கிறது, நாள் கணக்கு இல்லை. தமிழ்நாடு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8-இல் இரு நீதிபதிகள் ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கெடு வகுத்ததும், நவம்பர் 20-இல் 5 நீதிபதிகள் தந்த கருத்துரை அப்படிக் கெடு விதிக்க முடியாது என்றதும் அந்தச் சொல்லைச் சுற்றித்தான். வெற்றுப் பக்கத்தில் இரண்டையும் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

சிறு சொற்களுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம். 'எது எவ்வாறிருப்பினும்' என்று தொடங்கும் கூறு மேலே நிற்கும். 'உட்பட்டு' என்று தொடங்குவது கீழே நிற்கும். 246(1), (2), (3)-ஐ இந்தக் கண்ணோடு பாருங்கள். மத்தியப் பட்டியல் முந்துவது ஏன் என்பதற்கு விளக்கவுரையே வேண்டாம். 25-உம் 26-உம் அப்படித்தான். 25 தரும் தனிமனித மத உரிமையானது பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றோடு 'இப்பகுதியின் பிற வகைமுறைகளுக்கும்' உட்பட்டது. மதப் பிரிவுகளின் உரிமையைச் சொல்லும் 26-இல் அந்தக் கடைசிச் சொற்றொடர் இல்லை.

வெளியுறவுப் பகுதிக்கு இந்த நூல் பயன்படாது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு. ஐந்தே இடங்களைச் சேர்த்து வாசித்தால் போதும்: 51, 73, 246, 253, ஏழாம் அட்டவணை மத்தியப் பட்டியலின் 10 முதல் 14 வரையிலான பதிவுகள். அயலுறவு, தூதரகப் பிரதிநிதித்துவம், ஐநா, பன்னாட்டு மாநாடு, உடன்படிக்கை ஐந்தும் அந்தப் பதிவுகளில் வரிசையாக வருகின்றன. உடன்படிக்கையில் கையெழுத்திட நாடாளுமன்றத்தின் முன்அனுமதி வேண்டும் என்று எங்கும் இல்லை. 73 வழியாக அது நிர்வாகத்தின் அதிகாரம். அதை உள்நாட்டில் சட்டமாக்க வேண்டுமானால் 253, மாநிலப் பட்டியலுக்குள்ளும் நுழைய வழிவிடுகிறது. நிலப்பகுதியை விட்டுக்கொடுக்க மட்டும் இதெல்லாம் போதாது. 1960-இல், மேற்கு வங்க எல்லையில் உள்ள பெருபாரி பற்றிய கருத்துரையில் 3-ஆவது பிரிவு போதாது, 368-இன் கீழ் திருத்தம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வங்கதேசத்தோடு 111-க்கு 51 என்று நிலத்திட்டுகளை மாற்றிக்கொள்ள 2015-இல் 100-ஆவது திருத்தம் வந்தது அதனால்தான். அந்தத் திருத்தம் முழுதாக நூலின் பின்னிணைப்பில் இருக்கிறது. கச்சத்தீவு விவாதத்தின் சட்டக் கருவும் இதுவே. 1974 ஒப்பந்தத்துக்கு அரசமைப்புத் திருத்தம் எதுவும் செய்யவில்லை. அது நிலத்தை விட்டுக்கொடுத்ததா, தகராறில் இருந்த எல்லையை வரையறுத்ததா என்பதுதான் கேள்வி. தூதர்களின் விலக்குரிமை மட்டும் இந்த நூலில் கிடைக்காது. அதற்கு 1961 வியன்னா உடன்படிக்கையைச் சட்டமாக்கிய 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தனியே பார்க்க வேண்டும்.

நூலில் இல்லாதவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அடிப்படைக் கட்டமைப்பு (திருத்தத்தாலும் சிதைக்க முடியாத கூறுகள்), கொலீஜியம் (நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழு), பட்ஜெட், கூட்டாட்சி ஆகிய சொற்கள் இதில் கிடையாது. பட்ஜெட்டுக்கு 112-இல் 'ஆண்டு நிதிநிலை அறிக்கை', கூட்டாட்சிக்கு 1-இல் 'மாநிலங்களின் ஒன்றியம்'. கேபினட் என்ற சொல் 352-இல் மட்டும், அதுவும் 44-ஆவது திருத்தம் கொண்டுவந்தது.

தமிழில் வாசிப்பவர்களுக்கு உள்ள சிக்கல் சொற்களில். ஒரே ஆர்ட்டிகிளுக்குச் சட்டப்பிரிவு, உறுப்பு, விதி, சரத்து என்று நூலுக்கு நூல் ஒரு பெயர். முகப்புரையின் தமிழ் வடிவம் 'சமநலச் சமுதாயம்' என்பதைப் பல வழிகாட்டிகள் 'சமதர்மம்' என்கின்றன. தேர்வு அறையில் இந்தக் குழப்பம் நேரத்தைத் தின்னும். முதல் வாரத்திலேயே நாற்பது ஐம்பது சொல்லுக்கு ஆங்கிலமும் தமிழும் எதிரெதிரே எழுதிய தாள் ஒன்றை அட்டையின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். தமிழ் வாசகத்தில் இரண்டு பொருள் தோன்றும் இடத்தில் ஆங்கில மூலத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

வேகத்தைப் பொறுத்தவரை, நாளுக்குப் பத்துப் பிரிவு, அடிக்குறிப்போடு. பகுதி 14-ஐக் கடைசிக்குத் தள்ள வேண்டாம். 311(2)-இன் இரண்டாம் வரம்புரை விசாரணையே இல்லாமல் பணிநீக்கம் செய்ய மூன்று சூழலைச் சொல்கிறது, 316 தேர்வாணைய உறுப்பினரின் வயது வரம்பை மத்தியில் 65, மாநிலத்தில் 62 என்று வைக்கிறது. இரண்டும் நீங்கள் சேரப்போகும் பணியைப் பற்றியவை. யூபிஎஸ்சி மெயின்ஸ் பொதுஅறிவு இரண்டாம் தாளில் 3 மணி நேரத்தில் 20 விடை எழுத வேண்டும், ஒன்றுக்கு 9 நிமிடம். அந்த அவசரத்தில் பிரிவு எண்ணோடு அதன் சரியான சொல்லும் கையில் வந்தால்தான் 150 சொல் விடை நிற்கும். எண் மட்டும் நினைவில் வந்து சொல் வராவிட்டால் எண்ணை எழுதாமல் விடுவதே பாதுகாப்பு.