க்ரவுஸ் படம் போட்ட குளோவர் விதைப் பை: வாங்கலாமா?

அமெரிக்காவின் மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் பக்கம் மரம் வெட்டி முடித்த கூப்புக் காடு வைத்திருப்பவர்கள், க்ரவுஸ் பறவைக்குத் தீனியாக, லாரி ஏற்றிய கட்டைக் களத்தில் தெளிக்க வாங்கும் குளோவர் விதை இது. குளோவர் என்பது மூன்றிலைத் தீவனச் செடி. பை மேல் கொண்டை சிலிர்த்த ரஃப்டு க்ரவுஸ் படம் இருக்கும். நம் காட்டுக்கோழியைவிடச் சற்றுச் சிறிய, சருகு நிறப் பறவை. எடை அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: படம் போட்ட கலவைப் பை வேண்டாம். அதே கடையில் படமில்லாமல் கிடக்கும் வெறும் வெள்ளை குளோவர் விதை, சொன்னபடி விதைத்தால், கொடுத்த காசுக்குக் குறை வைக்காது. ஆனால் அதுவும் இந்தப் பறவைக்குத் தொடுகறிதான். சோறு வேறிடத்தில் இருக்கிறது.

அந்தச் சோறு ஆஸ்பென் என்ற குளிர்நாட்டு மரம். ஆஸ்பெனில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பனி மூடிய மாதங்களில் ஆண் மரத்தின் பருத்த பூ மொட்டுகள்தான் க்ரவுஸுக்கு முக்கிய உணவு. ஏப்ரலில் மொட்டு வெடித்து நீளும் பூச்சரத்தையும் தின்னும். அந்தியில் கால் மணி, இருபது நிமிடத்தில் தீனிப்பை நிரம்பிவிடும். பருந்துக்கும் ஆந்தைக்கும் தெரியும்படி கிளையில் உட்கார்ந்திருக்கும் நேரம் குறைகிறது என்பதால் இந்த வேகம் உயிர் காக்கிற விஷயம். எல்லா ஆண் மரமும் ருசிக்காது. மொட்டில் கோனிஃபெரில் பென்சோயேட் என்ற சேர்மம் மிகுந்த மரத்தைப் பறவை ஒதுக்கிவிடும். மின்னசோட்டாவின் க்ளோக்கே ஆய்வுக் காட்டில் பல பத்தாண்டுகள் க்ரவுஸைப் பின்தொடர்ந்த கார்டன் கல்லியனின் ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

பனி கரைந்து தரை தெரிந்ததும் காட்டு ஸ்ட்ராபெர்ரி இலை, குளோவர் இலை, புதிதாக முளைத்த பசுந்தழை என்று பறவை கீழே இறங்கும். பேடு 9 முதல் 14 முட்டை வரை இடும் காலமும் இதுதான். புரதம் மிகுந்த இளந்தழைக்கு மதிப்பு கூடுகிறது. வடக்குக் கவுண்டிகளில் குளோவர் நன்றாகப் பச்சை பிடிக்க மே பிறந்துவிடும். ஆகவே ஏப்ரல் பசியை எந்த விதைப் பையும் தீர்க்காது.

கலவைப் பைக்கு வருவோம். பின்பக்கச் சீட்டைப் படித்தால் பாதி கதை புரிந்துவிடும். ஓராண்டு ரைகிராஸ் புல் இருந்தால் வைத்துவிடுங்கள். ஒரே வாரத்தில் எழும்பி குளோவர் நாற்றை மூச்சுத் திணற வைக்கும். டால் ஃபெஸ்க்யூ புல் மெத்தை போல அடைத்துக்கொள்ளும், பொரித்த சில நாளே ஆன குஞ்சு அதற்குள் நடக்க முடியாது. சிவப்பு குளோவர் இரண்டு மூன்று ஆண்டில் போய்விடும். உயரமும் அதிகம், பனித்துளி காயாமல் குஞ்சை நனைக்கும். டர்னிப், ரேப் போன்ற கடுகு இன விதை மானுக்கானது. மெலிலோட்டஸ் எனும் இனிப்பு குளோவர் களத்தை விட்டுக் காட்டோரம் பரவும் களை. இவ்வளவையும் கழித்தால் பையில் மிஞ்சும் வெள்ளை குளோவர் கைப்பிடி அளவுதான்.

வெறும் விதையிலும் ஒரு கணக்கு உண்டு. பூச்சு பூசிய விதையில் மூன்றில் ஒரு பங்கு எடை சுண்ணாம்புப் பூச்சாக இருப்பது சகஜம். 10 கிலோ பை வாங்கினால் விதை ஆறரை கிலோதான். சீட்டில் தூய விதை விழுக்காட்டைப் பார்த்து விலையை வகுத்துப் பாருங்கள். உயரமாக வளரும் லடினோ ரகத்தைவிட, தாழப் படரும் சிற்றிலை டச்சு வெள்ளையே இந்த வேலைக்கு ஏற்றது.

பூச்சில்லாத விதை ஏக்கருக்கு 3 கிலோ போதும். ஒரு கிலோவில் ஏறக்குறைய 15 லட்சம் விதை இருப்பதால் கை தாராளமானால் வீண். ஈர மணலோடு கலந்து, களத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை நடந்து தூவினால் சீராக விழும். கூடவே ஏக்கருக்கு 15 கிலோ ஓட்ஸ் துணைப் பயிராகப் போடலாம். முழங்கால் உயரம் வந்ததும் அறுத்துவிட வேண்டும்.

வேரில் முடிச்சு உண்டாக்கி நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நுண்ணுயிரான ரைசோபியம் பொட்டலத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். குளோவருக்கான ரகமே வேண்டும், அல்ஃபால்ஃபாவுக்கானது (குதிரைமசால்) பயன்படாது. உளுந்துக்கு நம்மூரில் ஆறிய கஞ்சியில் கலப்பார்களே, அதே கதைதான்: ஒட்டுவதற்குச் சர்க்கரைத் தண்ணீர், நிழலில் உலர்த்தல், அன்றைக்கே விதைத்தல். காலாவதித் தேதி தாண்டிய பொட்டலத்தில் உயிர் இருக்காது. எட்டு வாரம் கழித்து ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சைக் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் சரி, வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் நுண்ணுயிர் வேலை செய்யவில்லை.

விதை சரியில்லை என்ற புகாரில் பெரும்பாலானவை மண்ணின் குற்றம். கட்டைக் களத்தில் கனரக வண்டி ஓடி மண் சிமென்ட் போல இறுகியிருக்கும். மேலே பட்டையும் சிராயும் ஒரு சாண் கிடக்கும். சிராய் மேல் விழுந்த விதை முளைத்து, வேர் மண்ணைத் தொடுமுன் காய்ந்துவிடும். சிராயை ஓரம் ஒதுக்கி, 10 முதல் 15 செ.மீ. ஆழம் கீறிவிட்டு, விதைத்தபின் உருளை ஓட்ட வேண்டும். விதை கால் அங்குலத்துக்குக் கீழே போகக் கூடாது. அமிலத்தன்மை அடுத்த தடை. பிஎச் 6க்குக் குறைந்தால் சுண்ணாம்பு தேவை. எவ்வளவு என்பதை மண் பரிசோதனைச் சீட்டுதான் சொல்லும். சுண்ணாம்பு மெல்லத்தான் வேலை செய்யும், எனவே முந்தைய இலையுதிர் காலத்திலேயே போட்டுவிடுங்கள். மண் ஏற்கெனவே திறந்து கிடந்தால், இரவு உறைந்து பகலில் இளகும் மார்ச் மாதத்தில் மேலாகத் தூவினாலே போதும், மண் வெடிப்பு விதையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கட்டை இழுத்த தடங்களில் நிழல் விழுந்தால் விதையை வீணாக்காதீர்கள். முளைத்த இடத்தில் ஆண்டுக்கு ஒரு அறுப்பு, ஆகஸ்டில். ஜூனில் அறுத்தால் குஞ்சுகள் பூச்சி பொறுக்கும் இடத்திலேயே கத்தி ஓடும்.

விதை வாங்குமுன் செய்யும் செலவில்லாத வேலை ஒன்று: வெட்டுக்கு முந்தைய ஏப்ரலில் வெட்டாமல் விட வேண்டிய ஆண் ஆஸ்பென் மரங்களுக்கு அடையாளச் சாயம் பூசிவிடுங்கள். செம்மை படர்ந்த மகரந்தப் பையோடு தொங்கும் பூச்சரமும், மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் சரமும் ஆண் மரத்துக்கு அடையாளம். ஒரே வேரிலிருந்து கிளைத்த தோப்பு முழுதும் ஒரே பால் என்பதால் ஒரு மரத்தைப் பார்த்தால் தோப்பையே பார்த்தது போல. விட்டுவைக்கும் மரங்களைக் கூப்பின் ஓரத்தில் கொத்தாக விடுங்கள். நடுவே சிதறவிட்டால் நிழலில் புதுக் கன்றுகள் கிளைக்காது, பருந்துக்கும் உட்காரக் கிளை கிடைத்துவிடும்.