டிராகன்ஸ்பர்க் ஏறுவோர் கவனத்துக்கு: அல்ட்ராலைட் என்ற பெயரில் டர்பனில் விற்கப்படும் போலிச் சாமான்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தமிழ்க் குடும்பங்களிடையே வாட்ஸ்அப் வழியாக அல்ட்ராலைட் மலையேற்றச் சாமான்கள் விற்கும் ஒருவரிடம் நான் வாங்கிய பொருள்களைப் பற்றியும், அவற்றை நம்பி டிராகன்ஸ்பர்க் மலைமுகட்டில் தங்கிய இரவில் என் அக்கா மகளுக்கு நேர்ந்ததைப் பற்றியும், திரும்பி வந்து அந்தப் பொருள்களைப் பிரித்துப் பார்த்தபோது கண்டவற்றைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். ஜூலைப் பள்ளி விடுமுறை முடிந்துவிட்டாலும் மேலே செப்டம்பரிலும் பனி விழுவதுண்டு. அந்த மாதத்தில் ஏறத் திட்டமிட்டிருக்கும் சிலர் அதே ஆளிடம் முன்பணம் கட்டியிருப்பதாக அறிகிறேன். விவகாரம் சட்ட வழியில் போய்க்கொண்டிருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை; பொருள்களின் அடையாளங்களை எழுதுகிறேன், அவை போதும்.

நாங்கள் போக நினைத்தது பலரும் போகும் வழிதான். ஹாரிஸ்மித் பக்கமாகச் சுற்றி, விட்ஸிஸ்ஹூக்கைத் தாண்டி, சென்டினல் கார் நிறுத்தத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்து, சங்கிலி ஏணிகளில் ஏறி ஆம்ஃபிதியேட்டர் என்ற பெரிய பாறைச் சுவரின் மேற்பரப்பை அடைந்து, துகேலா ஆறு பள்ளத்தில் விழும் இடத்துக்கு அருகில் இரவு தங்கி மறுநாள் இறங்குவது. இந்த வழியில் முதுகுச் சுமையின் எடை வெறும் வசதி சார்ந்த விஷயமன்று. ஏணிகள் பாறைச் சுவரோடு ஒட்டி ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிற்பதால், பெரிய பை முதுகில் இருந்தால் அது ஒவ்வொரு படியிலும் ஆளைப் பின்னுக்கு இழுக்கும். சாப்பாடு, தண்ணீர், எரிவாயு நீங்கலாகச் சுமக்கும் எடை 4.5 கிலோவுக்குள் இருந்தால் அதை அல்ட்ராலைட் என்பார்கள். என் அக்கா மகள் மெலிந்த உடல்வாகு உள்ளவள், முதன்முறையாக முகட்டில் தங்கப் போகிறவள். அவளுடைய பையையாவது அந்த அளவுக்குள் கொண்டுவர வேண்டும் என்றுதான் இதில் இறங்கினேன்.

விற்றவர் நம்மவர். கோயில் நிகழ்ச்சிகளில் பார்த்த முகம், அன்பாகத் தமிழில் பேசுபவர். இரண்டு ஸ்லீப்பிங் பேக், இரண்டு காற்று மெத்தை, இருவர் படுக்கும் கூடாரம், டைட்டானியம் முளைகள் எல்லாம் சேர்த்து 19,400 ரேண்ட் என்றார். ஸ்லீப்பிங் பேக் வாத்தின் மென்தூவி அடைத்தது, 850 ஃபில் பவர் (தூவி உப்பும் அளவு), எடை 720 கிராம், மைனஸ் 5 டிகிரி வரை தாங்கும் என்று அவர் அனுப்பிய படத்தில் எழுதியிருந்தது. அந்த மைனஸ் 5 என்பது கம்ஃபர்ட் அளவா, லிமிட் அளவா என்று எழுத்தில் கேட்டேன். “கம்ஃபர்ட்தான் அண்ணா. உங்க அக்கா பொண்ணுக்குன்னு சொல்லியிருக்கீங்க, தப்பான பொருளைக் குடுப்பேனா?” என்று எழுத்திலேயே பதில் வந்தது.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் ஏமாற்று பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. ஸ்லீப்பிங் பேக்கின் குளிர் தாங்கும் திறனை அளக்க ஐஎஸ்ஓ 23537 என்ற தர நிர்ணயம் இருக்கிறது. அதற்கு முன்பு ஐரோப்பாவில் ஈஎன் 13537 இருந்தது. சூடேற்றிய பொம்மை உடலைப் பைக்குள் கிடத்தி அளந்து மூன்று எண்களைத் தருவார்கள். கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் உடலைக் குறுக்காமல் நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்துக்கொண்டு நடுங்காமல் இரவைக் கழிக்கக்கூடிய வெப்பநிலை. எக்ஸ்ட்ரீம் என்பது ஆறு மணி நேரம் உயிர் தப்பலாம் என்பதற்கு மேல் எந்த உறுதியும் தராத எண். உடல் வெப்பம் குலையும் ஆபத்து அதிலேயே அடங்கியிருக்கிறது. கம்ஃபர்ட் 0 டிகிரி என்றால் லிமிட் ஏறத்தாழ மைனஸ் 6, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 20-க்கும் கீழே என்று வரும். ஒரே பைக்கு மூன்று எண்கள் இருக்கும்போது, எது என்று சொல்லாமல் ஒற்றை எண்ணைப் போடுகிறவர் தனக்கு வசதியான எண்ணைத்தான் போடுவார். எங்களுக்குக் கிடைத்த பையிலோ அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. சுருட்டி வைக்கும் உறையில் வெள்ளை எழுத்தில் மைனஸ் 5 என்று அச்சிட்டிருந்தது. பைக்குள் கால்பக்க ஜிப் முடியும் இடத்தில், தையலோடு ஒட்ட வெட்டிய துணி வில்லையின் (லேபிளின்) அரை விரல் அகல அடித்துணி மட்டும் மிஞ்சியிருந்தது. உண்மையான அளவு அச்சிட்டிருந்த வில்லையை யாரோ கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

பணம் முழுவதையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டவர், பொருள் சுங்கத்தில் நிற்கிறது என்று தள்ளிக்கொண்டே போய், நாங்கள் புறப்படுவதற்கு முந்திய மாலையில்தான் கொண்டுவந்து கொடுத்தார். இதை நான் தற்செயல் என்று நம்பவில்லை. அவரிடம் வாங்கிய வேறு இரு குடும்பங்களுக்கும் பொருள் இப்படியே பயணத்தின் விளிம்பில்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

மேலே சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஆற்றின் ஓரம் முழுவதும் உறைந்து கிடந்தது. முகட்டில் மரம் கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது, வருகிற காற்று நேரே முகத்தில்தான் அறையும். முளைகள் உறைந்த மண்ணில் இறங்காமல் ஒவ்வொன்றாக வளைந்தன. கயிறுகளைப் பாறைக் கற்களில் கட்டித்தான் கூடாரத்தை நிறுத்தினோம். படுத்துச் சிறிது நேரத்திலேயே முதுகிலும் தோளிலும் கோடு கோடாகக் குளிர்கிறது என்று அவள் சொன்னாள். அந்தப் பையில் உள்துணியும் வெளித்துணியும் ஒவ்வொரு கோட்டிலும் நேரடியாகச் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. அப்படித் தைத்தால் அந்தக் கோடுகளில் தூவியே இராது, இரண்டு மெல்லிய துணிகள்தான் இருக்கும். கடுங்குளிருக்கான பைகளில் இரு துணிகளுக்கும் நடுவே தடுப்புத் துணி வைத்து அறைகள் அமைப்பது இதனால்தான். மெத்தை அதைவிட மோசமாக இருந்தது. தரையின் குளிர் அதன் வழியே தடையின்றி ஏறியது.

நள்ளிரவுக்கு முன்பே அவளுக்கு நடுக்கம் கட்டுக்கு அடங்காமல் போயிற்று. பிறகு, “மாமா, கால் இருக்கறதே தெரியல” என்று சொன்னபோது வார்த்தைகள் குழறின. நடுக்கமும் பேச்சுக் குழறலும் விரல்கள் சொன்னபடி கேட்காமையும் உடல் வெப்பம் இறங்குவதன் அறிகுறிகள். சூடு ஏறாமலேயே நடுக்கம் நின்றுபோனால் நிலைமை இன்னும் ஆபத்தானது என்று பொருள். இருந்த துணிகள் எல்லாவற்றையும் அவளுக்கு உடுத்தி, இரு பைகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்து அவளை அதற்குள் படுக்க வைத்து, தண்ணீரைக் காய்ச்சிப் போத்தலில் அடைத்துத் துணியில் சுற்றித் தொடைகளுக்கு இடையே கொடுத்து, சர்க்கரை கலந்த சூடான தேநீரைச் சிறிது சிறிதாகக் குடிக்க வைத்தேன். அருகில் முகாமிட்டிருந்த ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ந்த குழுவினர் சத்தம் கேட்டு வந்து தங்களுடைய நுரை விரிப்பு ஒன்றை அவளுக்கு அடியில் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் நடுக்கம் படிப்படியாகக் குறைந்து பேச்சுத் தெளிந்தது. பனி படிந்த ஏணியில் இருட்டில் இறங்க முடியாது என்பதால் விடியும் வரை காத்திருந்து இறங்கினோம். அவளுடைய கால்விரல்களில் மரத்த உணர்வு மறையச் சில வாரங்கள் ஆயின. அந்தக் குழுவினர் அங்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவளுடைய தாயிடம் இன்றுவரை நான் முழுமையாகச் சொல்லவில்லை.

வீடு வந்ததும் முதலில் சமையலறைத் தராசை எடுத்தேன். 720 கிராம் என்று சொல்லப்பட்ட பை 1,130 கிராம் இருந்தது. பிறகு கால்பக்கத்தில் ஒரு தையலைப் பிரித்து உள்ளே இருந்ததை வெள்ளைத் தாளில் கொட்டினேன். வாத்துத் தூவி என்பது நடுத்தண்டு இல்லாமல், ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் இழை விரியும் மென்மையான பூ, ஊதினால் மிதக்கும். தாளில் விழுந்ததோ சாம்பல் நிறத்தில் பொடியாக நறுக்கிய சிறகுத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் விரலில் குத்தும் தண்டு, அவற்றோடு பின்னிக்கொண்ட வெள்ளைப் பஞ்சு. ஒரு சிறகுத் துண்டை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினேன். முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, நசுக்கினால் தூளாகும் சாம்பலாயிற்று. வெள்ளைப் பஞ்சைக் காட்டியபோது அது உருகிச் சுருண்டு கறுப்புக் குன்றிமணியாக இறுகியது. அது பாலியெஸ்டர். 850 ஃபில் பவர் என்பதற்கு ஓர் அவுன்ஸ் தூவி, அதாவது ஏறத்தாழ 28 கிராம், 850 கன அங்குல இடத்தை நிறைக்க வேண்டும் என்று பொருள். நறுக்கிய சிறகும் பஞ்சும் கலந்த இந்தக் குப்பை அதன் அருகில்கூட வராது.

முளைகளையும் சோதித்தேன். டைட்டானியமும் அலுமினியமும் காந்தத்தில் ஒட்டாது என்பதால் காந்தம் உதவாது, அடர்த்தி உதவும். தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து எண்ணைச் சுழியாக்கி, நூலில் சேர்த்துக் கட்டிய முளைகளை அடியில் படாமல் தண்ணீரில் முழுவதும் அமிழ்த்திப் பிடித்தால், தராசு காட்டும் கிராம் எண்தான் அவற்றின் கன அளவு. முளைகளின் எடை 51 கிராம், தண்ணீரில் தராசு காட்டியது 19. வகுத்தால் 2.7 வருகிறது, அது அலுமினியத்தின் அடர்த்தி. டைட்டானியமாக இருந்தால் 4.5 வந்திருக்கும். மெத்தையில் ஆர் மதிப்பு, அதாவது தரைக் குளிரைத் தடுக்கும் திறன், 4.5 என்று அச்சிட்டிருந்தது. காற்றடைத்து இருட்டறையில் பின்னால் டார்ச் பிடித்துப் பார்த்தபோது உள்ளே பஞ்சும் இல்லை, வெப்பத்தைத் திருப்பும் மின்னும் படலமும் இல்லை. வெறும் காற்றுப் பை. கூடாரம் டைனீமா என்ற எடை குறைந்த, உறுதியான துணி என்று விற்கப்பட்டது. டைனீமாவை வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கும் நெடுக்குமாக இழைகள் தெரியும், மூலைவாட்டில் இழுத்தால் இளகாது. இது நன்றாக இளகியது, இழையும் தெரியவில்லை. காற்றைத் தடுத்தது என்ற அளவில் கூடாரம் எங்களுக்குத் தீங்கு செய்யவில்லை, விலையில்தான் மோசடி.

அவரிடம் படங்களோடு கேட்டதற்கு, படுத்த பையைச் சுகாதாரக் காரணத்தால் திரும்ப எடுப்பதில்லை என்றும், குளிர் தாங்காதது பெண்ணின் உடம்பு என்றும் பதில் வந்தது. அதன் பிறகு என் எண்ணைத் தடைசெய்துவிட்டார்.

இந்த இரண்டு சாக்குகளையும் யாரும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆவது பிரிவுப்படி, குறையுள்ள பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்பதைத் தேர்ந்தெடுப்பவர் வாங்கியவரே. பொய்யான தகவல் சொல்லி விற்பதை 41-ஆவது பிரிவு தடுக்கிறது. இணைய வழியாக வாங்கிய பொருளை, கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பும் உரிமையை 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் தருகிறது. அதனால்தான் பயணத்துக்குப் பல நாள் முன்பே பொருள் கைக்கு வர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். எடை போடுவது, டார்ச் பிடிப்பது, முளையைத் தண்ணீரில் அமிழ்த்துவது, பையைக் கசக்கித் தண்டு குத்துகிறதா என்று தடவிப் பார்ப்பது ஆகிய எதற்கும் பொருளைச் சேதப்படுத்த வேண்டியதில்லை. அந்த ஏழு நாளுக்குள் வீட்டிலேயே செய்துவிடலாம். ஸ்லீப்பிங் பேக்கை இரவு முழுவதும் உதறி விரித்து வைத்து மறுநாள் மேலடுக்கின் உயரத்தை அளவுகோலால் பாருங்கள். மைனஸ் 6, 7 என்று சொல்லப்படும் பையின் மேலடுக்கு பொதுவாக ஆறு சென்டிமீட்டராவது உப்பியிருக்கும். எங்களுடையது மூன்றைத் தொடவில்லை.

எடையை எங்கே குறைப்பது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. முதுகுப்பை, பாத்திரம், மாற்றுத்துணி, தேவையற்ற உறைகள் ஆகியவற்றில் குறைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் முகட்டில் தங்குபவர்கள் ஸ்லீப்பிங் பேக்கிலும் விரிப்பிலும் மட்டும் குறைக்க வேண்டாம். விரிப்புகளின் ஆர் மதிப்பைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதால், காற்று மெத்தைக்கு அடியில் நானூறு கிராம் நுரை விரிப்பு ஒன்றைப் போட்டால் ஏறத்தாழ 2 கூடுதலாகக் கிடைக்கும். அது கிழியாது, காற்றும் இறங்காது. பையின் அளவெண்களே நல்ல விரிப்பின் மேல் படுத்திருப்பதாக வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன.

பணத்தைத் திருப்பித் தர 14 நாள் அவகாசம் கொடுத்து அவருக்கு முறையான கடிதம் அனுப்பினேன், பதில் இல்லை. 20,000 ரேண்ட் வரையிலான வழக்குகளைச் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நாமே நடத்தலாம் என்பதால் அங்கே மனு கொடுத்திருக்கிறேன். விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறேன். அந்தப் பை வெளியே கரும்பச்சை, உள்ளே ஆரஞ்சு. உறையில் வெள்ளை எழுத்து. கால்பக்க ஜிப் அருகே வெட்டிய வில்லையின் அடித்துணி. இதே பை உங்களிடம் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகாதீர்கள். துவைக்கவோ தைக்கவோ வேண்டாம். பணம் அனுப்பிய சான்றையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். வில்லை வெட்டிய இடத்தின் படத்தை எனக்கு அனுப்பினால், உங்கள் ஒப்புதலோடு அதையும் விசாரணையில் முன்வைப்பேன்.