பிள்ளைகளோடு பொலன்னறுவை: முதலில் நூதனசாலை, பிறகுதான் மற்றது

மட்டக்களப்பிலிருந்து தரம் 11 பிள்ளைகள் 34 பேரோடு போன மாதம் இலங்கையின் பழைய தலைநகரான பொலன்னறுவைக்குக் கல்விச் சுற்றுலா போய் வந்தோம். நான் வரலாறு படிப்பிக்கிறேன். இது எனக்கு நாலாவது தடவை. முந்திய மூன்று முறையும் பஸ்ஸால் இறங்கி பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள் உள்ள கல் விகாரைக்கு நேரே போய், படம் எடுத்து, சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். பிள்ளைகளின் மனதில் நின்றது செங்கல் குவியல் மட்டும்தான். அதனால் இந்த முறை வரிசையை மாற்றினேன்.

பராக்கிரம சமுத்திரம் என்கிற பெரிய குளத்துக்குக் கிட்ட உள்ள நூதனசாலையில்தான் தொடங்கினோம். அங்குள்ள கட்டட மாதிரிகளுக்காகவே போகலாம். வட்டதாகே என்கிற வட்ட வடிவப் பௌத்த கோயிலில் இன்றைக்குக் கூரை இல்லை, வட்டமாகக் கல் தூண்கள் மட்டும் நிற்கின்றன. மாதிரியில் அது மரக்கூரையோடு முழுதாக இருக்கிறது. பிறகு நேரில் போனபோது நான் வாய் திறக்க முதலே, "மிஸ், இந்தத் தூண்தானே கூரையைத் தாங்கினது?" என்று கேட்டார்கள். அலாகன பிரிவெனா என்கிற பழைய பௌத்த மடத்தின் வைத்தியசாலையில் கிடைத்த சத்திரசிகிச்சைக் கருவிகளும் அங்கே உண்டு. கத்தரிக்கோல், இடுக்கி எல்லாம் பார்த்தவுடனே விளங்கும். டொக்டராக வேண்டும் என்கிற பிள்ளை ஒன்றை அந்தக் கண்ணாடிப் பெட்டியடியிலிருந்து கூப்பிட்டு எடுக்கவே பெரும்பாடாகிவிட்டது.

அரண்மனைச் சுவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய கோயில்கள் கூடி நிற்கிற தலதா மலுவவுக்கு வந்தோம். 25 தொன் நிறை என்று சொல்லப்படுகிற கல்பொத்த என்கிற 'கல் புத்தகத்தை'ச் சுற்றி எல்லாருமே நிற்பார்கள். நிசங்கமல்ல மன்னன் எழுதுவித்த கல்வெட்டு அது, நிற்கத்தான் வேண்டும். ஆனால் அட்டதாகே என்கிற கோயிலுக்குப் பக்கத்தில் நிற்கிற வேளைக்காரர் கல்வெட்டைத் தவற விடாதீர்கள். புத்தரின் தந்ததாது (புனிதப் பல்) வைத்திருந்த கோயிலைக் காப்போம் என்று, மன்னர்களுக்குச் சேவை செய்த தென்னிந்திய வேளைக்காரப் படையினர் பொறுப்பேற்றதைச் சொல்லுகிற கல் அது. தமிழில் இருக்கிறது. கல்லைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளை காற்றில் விரலால் கோடு இழுத்து, "இது 'க' மாதிரி இருக்கு மிஸ்" என்றாள். பிறகு எல்லாரும் குனிந்து எழுத்துத் தேடத் தொடங்கிவிட்டார்கள். இருபது நிமிடம் அங்கேயே போனது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்து போகிற விஷயம் அது.

அதற்கு வடக்கே இரண்டாம் சிவ தேவாலயம். 1017 ஆம் ஆண்டளவில் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தன் சோழர் கையில் சிக்கிய பிறகு, 1070 இல் சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகு மீட்கும்வரை இந்த நகரம் அவர்களிடம் இருந்தது. சனநாதமங்கலம் என்று பெயரும் வைத்தார்கள். அந்தக் காலத்து வானவன்மாதேவி ஈச்சரம்தான் இது. சின்னக் கோயில், முழுக்கக் கல், மேலே விமானம்கூடக் குலையாமல் நிற்கிறது. உள்ளே லிங்கம் இருக்கிறது, ஆட்கள் இப்பவும் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். இடிபாடுகளைப் பார்க்க வந்த பிள்ளைகள் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கல் விகாரைக்குக் கடைசியாகப் போனோம். 14 மீற்றர் நீளத்தில் படுத்திருக்கிற புத்தர் சிலைக்கு முன்னால் என் வகுப்பு முதல் தடவையாகச் சத்தம் போடாமல் நின்றது. தலையணை தலையின் பாரத்தால் அமுங்கியிருப்பதுபோலச் செதுக்கியிருக்கிறார்கள், அதைக் கட்டாயம் காட்டுங்கள்.

குறை என்றால் சைக்கிள். பெரிய பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு வாடகைக்கு எடுத்தோம். இரண்டு சைக்கிளில் பிரேக் பிடிக்கவில்லை. சொன்ன பிறகும் கடைக்காரர் மாற்றித் தரவில்லை, காசையும் குறைக்கவில்லை. அந்த இரண்டையும் நாங்கள் உருட்டிக்கொண்டுதான் வந்தோம். காசு கொடுக்க முதல் ஒவ்வொன்றையும் ஓடிப் பாருங்கள். மற்றபடி, மர நிழலில் சைக்கிளில் போவதுபோல அந்த நகரத்தைப் பார்க்க வேறு நல்ல வழியில்லை.

வட்டதாகேயிலும் கல் விகாரையிலும் செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும். மத்தியானம் கல் கொதிக்கும், ஒவ்வொரு பிள்ளையையும் தடித்த காலுறை ஒரு சோடி கொண்டுவரச் சொல்லுங்கள். சாப்பாட்டுப் பையை வெளியே எடுத்தால் குரங்கு விடாது. காலை எட்டு மணிக்கு முன்னமே போய்ச் சேருங்கள். அடுத்த வருசம் நாங்கள் ஏழரைக்கே அங்கே நிற்பதாக இருக்கிறோம்.