டேவிட் அலனின் ‘கெட்டிங் திங்ஸ் டன்’: மலையகத் தேயிலைத் தோட்டத்தில் எது எடுபடும்?

கையிலிருக்கும் வேலைகளை ஒழுங்குபடுத்தி முடிக்க வழி சொல்லும் இது, 2001இல் வந்து 2015இல் திருத்திய பதிப்பு கண்ட புத்தகம். எழுதிய டேவிட் அலன் 1945இல் பிறந்த அமெரிக்கர். 35 வயதுக்குள் 35 தொழில் பார்த்ததாகச் சொல்பவர். கராத்தே பழக்கியிருக்கிறார், மேஜிக் காட்டியிருக்கிறார். அப்படிப்பட்டவர் எழுதியதில் மேசையும் ஃபைல் அலுமாரியும்தான் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன என்பது வேடிக்கை.

முறை இதுதான்: மனதில் கிடக்கும் எல்லாவற்றையும் எழுது, ஒவ்வொன்றுக்கும் அடுத்துச் செய்ய வேண்டியது எதுவென்று முடிவெடு, உரிய பட்டியலில் சேர், வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் புரட்டு, பிறகு வேலையைப் பார்.

இரண்டாவது படியில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ‘அம்மாவின் இ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) எடுக்கணும்’ என்று எழுதினால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். அது ஒரு வேலையல்ல, ஐந்தாறு வேலை. ‘அடையாள அட்டையிலும் இ.பி.எஃப். பதிவிலும் பெயர் ஒன்றுதானா என்று பார்’ என்பதே முதல் காரியம். ஒன்றில் ராமாயி, மற்றதில் ராமாயம்மா என்றிருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியவர் தோட்ட ஆபிஸ் கிளாக்கர். நேரே தொழில் அலுவலகத்துக்கு பஸ் ஏறினால் அன்றைய பேரும் (நாள் சம்பளமும்) போய், வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

இலங்கை மலையகத்துக்கு மிகவும் கைகொடுப்பது இடவாரியான பட்டியல். தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து ஹட்டன் டவுனுக்கு இறங்கி ஏறினால் பகல் முடிந்துவிடும். பேங்க், போட்டோகொப்பி, மருந்து என்று டவுனில் முடிக்க வேண்டியதெல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தால் இரண்டாம் தடவை போக வேண்டியதில்லை. ‘டவுன்’, ‘தோட்ட ஆபிஸ்’, ‘வீடு’, ‘போன்’ என நான்கு தலைப்பு போதும். சிக்னல் ரோட்டு வளைவில் மட்டுமே கிடைக்கும் லயன் வீடுகளில் ‘போன்’ பக்கம் கட்டாயம் வேண்டும். கூடவே ‘காத்திருப்பவை’ என்று ஒரு பக்கம்: யாரிடம் எதைக் கொடுத்தோம், எந்தத் திகதியில், என்றைக்கு வரச் சொன்னார்கள். அரச அலுவலகத்தில் பேச இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

இரண்டு நிமிடத்தில் முடிவதை உடனே முடி என்ற விதியை எல்லோரும் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அது பட்டியலைத் தரம்பிரிக்கும் நேரத்துக்கு மட்டும். செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) எழுதும்போது அந்த விதிக்கு எழுந்து ஓடினால் கூட்டல் பிசகும்.

அந்தந்த நாளில் பார்க்க வேண்டிய தாள்களைப் போட 31 நாளுக்கும் 12 மாதத்துக்கும் ஒவ்வொன்றாக 43 ஃபோல்டர் வைக்கச் சொல்லும் பகுதியைத் தாண்டிவிடலாம். தென்மேற்குப் பருவமழையில் அட்டை ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும். சுவர்க் கலண்டரும் ஒரு சி.ஆர். கொப்பியும் (கெட்டி அட்டை நோட்டு), பத்திரங்களுக்குப் பிளாஸ்டிக் உறையும் அந்த வேலையைச் செய்துவிடும்.

வாராந்தப் பார்வைக்கு அலன் சொல்வது வெள்ளி பின்னேரம். அது ஆபிஸ்காரர் கணக்கு. ஞாயிறு டவுனுக்குப் போகிற தோட்டத்தில் சனி இரவே சரி. இதை விட்டால் மூன்றாம் வாரத்தில் பட்டியல்மேல் நம்பிக்கை போய், எல்லாம் மறுபடி தலைக்குள் ஏறும்.

ஆங்கிலம் சற்று இழுவை. பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாம். கருவிகளைப் பற்றிய பேச்சுத்தான் பழசு, முறை அதேதான்.