எங்கள் ஊர் அங்கன்வாடி: சாப்பாட்டுக்கு 5 ஸ்டார், படிப்புக்கு 3

நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதிலிருந்து நாலு வயது வரை பிள்ளையைத் தாராளமாக அனுப்பலாம், அதற்கு மேல் கொஞ்சம் யோசிக்கணும். திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கத்தில் ஒரு கிராமம், ஊர் பெயர் வேண்டாம், டீச்சருக்கு எதற்கு வீண் தொல்லை. என் மகள் போன ஜூனிலிருந்து இங்கே போகிறாள்.

சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு ஆரம்பித்தபோதே பால்வாடிப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் ஆரம்பித்தார், அந்தப் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. திங்கள், புதன், வியாழன் முட்டை, செவ்வாய் பயறு அல்லது கொண்டைக்கடலை, வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு. தக்காளி சாதம், எலுமிச்சை சாதம் என்று மாறி மாறி வரும். வீட்டில் மஞ்சள் கருவைத் துப்புகிற என் மகள் இங்கே முழு முட்டையும் தின்கிறாள். ஆயா பெரிய வித்தை ஒன்றும் செய்வதில்லை, முட்டையைப் பிட்டுச் சாதத்தோடு பிசைந்துவிட்டு, பக்கத்துத் தட்டைக் காட்டி "அவன் முடிச்சிட்டான் பாரு" என்பார், அவ்வளவுதான். எடையும் உயரமும் பார்த்துக் குறித்து வைக்கிறார்கள். எடை ஏறாத பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டு, சத்துமாவை எப்படிம்மா கொடுக்கிற, கூழாவா உருண்டையாவா, வீட்டில வேற யாரும் சாப்பிட்டுடறாங்களா என்று டீச்சர் துருவித் துருவிக் கேட்பார். வேன் அனுப்பும் நர்சரிகளில் இப்படிக் கேட்க ஆள் கிடையாது.

படிப்புக்கு வருகிறேன். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று ஒரு பாடத்திட்டம் இருக்கிறது, மாதத்துக்கு ஒரு தலைப்பு, பாட்டு, கதை, விளையாட்டு. திட்டம் அருமை. டீச்சர் பாயில் உட்கார்ந்து கதை சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். ஆனால் அதற்கு அவர் கையில் போன் இல்லாமல் இருக்கணுமே! வருகைப்பதிவு, எடை, யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் போஷன் டிராக்கர் என்ற மத்திய அரசுச் செயலியில் ஏற்றியாக வேண்டும். சத்துமாவு வாங்க வரும் அம்மாவின் முகத்தைப் படம் பிடிக்கணும், அவர் கண்ணைச் சிமிட்டணும், ஓடிபி வரணும், எங்கள் ஊரில் சிக்னல் வேப்பமரத்தடியில்தான். டீச்சர் மரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்து நிற்பார், உள்ளே ஆயா ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் பிள்ளைகளிலுமாக. நான் ஒரு ஸ்டாரைக் குறைத்தது டீச்சருக்காக இல்லை, இந்த வேலைப்பளுவை அவர் தலையில் கட்டியவர்களுக்காக. இன்னொரு ஸ்டார் கழிப்பறைக்காக, கட்டி வைத்திருக்கிறார்கள், தண்ணீர் வருவதில்லை.

யார் வருகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பதிவேட்டில் இருபத்தைந்து பேர் போல, பாயில் உட்காருவது பதினைந்துக்குள். நூறு நாள் வேலைக்கும் நூல் மில்லுக்கும் போகிற அம்மாக்களின் பிள்ளைகள், அப்புறம் ஒடிசா, பீகாரிலிருந்து மில்லுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் வந்த வேகத்தில் 'நிலா நிலா ஓடி வா' பாடுவதைக் கேட்கணும்! மையம் காலனிப் பக்கம் இருக்கிறது, அதனால் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். கேட்டால் இங்கிலீஷ் மீடியம் என்பார்கள், நிஜமான காரணம் எல்லோருக்கும் தெரியும். அதே வீட்டுக்காரர்கள் சத்துமாவுக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவார்கள். நாங்களும் ஊர்ப் பக்கம்தான், என் அம்மாவே ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தார், பேத்தி தினமும் புதுப் பாட்டோடு வரவும் அடங்கிவிட்டார்.

ஆள் குறைவதற்கு வேறு காரணமும் உண்டு. பிறப்பே குறைந்துவிட்டது, 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தைதான். அதிலும் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடம் தனியாரில் எல்.கே.ஜி.யிலேயே கிடைக்கிறது, கட்டணத்தை அரசே கட்டுகிறது, கையில் காசில்லாதவர்களும் நாலு வயதானதும் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். அரசாங்கம் தன் பிள்ளைகளைத் தானே பணம் கட்டி வெளியே அனுப்பி வைக்கிற கூத்து.

இதற்கு மாற்றாக 2019-இல் நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்தார்கள். 2022-இல் அதை நிறுத்தப் போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கி, மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டார்கள். ஐயாயிரம்! எங்கள் ஊரில் வேன் ஓட்டுகிறவர் இதைவிட அதிகம் வாங்குகிறார். அந்த வகுப்பும் எங்கள் மையத்தில் இல்லை, இங்கே நடுநிலைப்பள்ளியே கிடையாது. அதனால்தான் மேலே நாலு வயது என்று கோடு போட்டேன். ஐந்து வயதுக்காரனுக்கும் இரண்டரை வயதுக்காரிக்கும் ஒரே பாய், ஒரே பாட்டு, பெரியவன் சீக்கிரமே சலித்துப்போய் வாசலில் போய் நிற்கிறான்.

சேர்க்க நினைப்பவர்கள் பிள்ளையின் ஆதாரையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் போனால் டீச்சர் மரத்தடியில் இருப்பார். தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்புங்கள். கிராம சபையில் யாராவது அந்தக் கழிப்பறைக் குழாயைப் பற்றிக் கேட்டால் நானும் கூடவே எழுந்து கேட்கிறேன், தனியாகக் கேட்டு அலுத்துவிட்டது.