கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்ல ஸ்விவல் எஞ்சின்: என் அனுபவம்

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்ங்கறது ராக்கெட் கட்டி பறக்க விடற கம்ப்யூட்டர் கேம். அதுல பணம் சேர்த்து பார்ட்ஸை ஒவ்வொண்ணா திறந்து ஆடற கேரியர் மோட்ல புதுசா ஆடுறவங்களுக்கு நான் முதல்ல சொல்ற எஞ்சின் எல்வி-டி45 ஸ்விவல் தான். காரணம் ஒண்ணே ஒண்ணு, இதோட நாசில் (நெருப்பு வெளிய வர்ற குழாய்) 3 டிகிரி வரைக்கும் திரும்பும். இதே மாதிரி இன்னொரு ஆரம்ப எஞ்சினான ரிலையன்ட்ல அது கிடையாது, ஃபின் (வால் இறக்கை) வெச்சு சமாளிக்கலாம் ஆனா காத்து மெலிசாக மெலிசாக ஃபின்னுக்கு பிடிமானம் போயிடும், அப்புறம் ராக்கெட்டை திருப்ப காப்ஸ்யூல்ல இருக்கற ரியாக்ஷன் வீலை (சுழன்று ராக்கெட்டை திருப்பற சக்கரம்) மட்டும் நம்பிட்டு இருக்கணும். ஸ்விவல்ல எஞ்சின் எரியற வரைக்கும் கண்ட்ரோல் நம்ம கையில, கிராவிட்டி டர்ன் (மேல ஏற ஏற மெல்ல சாஞ்சு சுற்றுப்பாதைக்கு திரும்பறது) எவ்ளோ அழகா வருதுன்னு போட்டு பார்த்தா தான் தெரியும்!

குறையும் இருக்கு. எடை 1.5 டன், ரிலையன்ட் 1.25 தான். விலையும் கேம் பணத்துல 1200, அதைவிட 100 ஜாஸ்தி. தரைமட்டத்துல தள்ளுவிசை சுமார் 168 கிலோநியூட்டன் தான், அதனால மொத்த ராக்கெட்டை 12 டன் பக்கத்துல வெச்சுக்கோங்க, 17 டன்னை தாண்டினா லாஞ்ச்பேட்ல இருந்து எழும்பவே எழும்பாது. வெற்றிடத்துல தள்ளுவிசை 215 வரும், ஐஎஸ்பி (எரிபொருள் சிக்கனத்தோட அளவு) 250ல இருந்து 320க்கு ஏறும்.

ஓடும்போது பேட்டரியும் சார்ஜ் ஆகுது, சோலார் பேனல் இல்லாத ஆரம்ப காலத்துல அது பெரிய உதவி.

நான் போடறது நடுவுல ஒரு ஸ்விவல், ரெண்டு பக்கமும் ரிலையன்ட். மேல் ஸ்டேஜுக்கு மட்டும் இது வேண்டாம், அரை டன் எடையுள்ள டெரியர்ங்கற சின்ன எஞ்சின் போதும்.